பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

ஜூன் 3

சுண்டெலி,

போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுது என்று சொல்லிவிட்டாய். நான் பேசும் வேகத்துக்கு உன் காது ஓடி வராதாம். தாளில் எழுதினால் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பிடித்துக்கொள்வாயாம். சரி, எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவள் நான். சம்பள நாளில் கையெழுத்துப் போட எடுப்பதோடு சரி. மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, வக்கீல் நோட்டீஸா?" என்றாள். பெண்ணுக்குக் கடிதம் என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும், அவளுக்குப் பல் இருக்கிறது.

நீ போன பிறகு வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்தான். உன் தம்பி இருந்தால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்திருப்பான். அவனுடைய கருவிப் பை கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. பெருக்கும்போது நகர்த்துகிறேன், பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் வைத்துவிடுகிறேன். லிப்ட் ரிப்பேர் பார்க்கப் போனவன் காய்ச்சலோடு வந்து படுத்ததும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், வெறுங்கையோடு திரும்பியதும் நேற்று நடந்தது போல இருக்கிறது. ஏழு மாதம் ஆகிவிட்டதாம். மாடி வீட்டு அக்காதான் சொன்னாள்.

நான் கேட்பது ஒன்றுதான். திரும்பி வந்துவிடு.

மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்க நான் ஏறி இறங்காத படி இல்லை. பழைய பள்ளிக்கூடத்தில் உன்னை மக்கு என்று கடைசி பெஞ்சில் போட்டிருந்தார்கள். இங்கேதான் ஒரு டீச்சர், "இவளுக்குப் புரியும்மா. நாம சொல்ற விதத்தைத்தான் மாத்தணும்" என்றார். அன்றைக்கு நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் டிக்கெட் காசே கேட்கவில்லை. அப்புறம் உனக்குப் பதினெட்டு ஆனதும் ஒரு நாள் கேக் வெட்டினார்கள். கையில் ஒரு பூச்செடியைக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் நீ சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். பஸ் வரவில்லை. எங்கே போவது என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிற வரைக்கும்தான் எல்லோரும் வழி சொன்னார்கள்.

இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். பிறகு தம்பி பார்த்துக் கொடுத்த பேக்கரி வேலைக்குப் போனாய், பெட்டி மடித்தாய். அவன் போன பிறகு நான்தான் உன்னை அனுப்பவில்லை. ஒன்றைப் பறிகொடுத்தவள் இன்னொன்றை வாசலுக்கு வெளியே விடுவாளா? அதற்காகப் பள்ளிக்கூடத் தோழி கூப்பிட்டாள் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போய்விடுவதா?

பதில் எழுது. மெதுவாக எழுது.

அம்மா

-

ஜூன் 12

அம்மா,

உன் கடிதம் வந்தது. படித்து முடிக்க மூன்று நாள் ஆனது. என்மேல் தப்பு இல்லை. உன் எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது.

நான் வரிசையாக எழுதுகிறேன். வரிசை இல்லாவிட்டால் எனக்குக் குழம்பிவிடும்.

முதலில் அறை. இரண்டு கட்டில் இருக்கிறது. ஒரு ஜன்னல். கீழே சைக்கிள் கடை. காலையில் காற்றடிக்கும் சத்தத்தில் எழுந்துவிடுவேன். என்னோடு இருப்பவள் யார் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் 'கணக்கு' என்று கூப்பிடுவோமே, அவள். அவளுக்கு எண் எல்லாம் வாயில் வரும். எழுத்துதான் வராது. எனக்கு எழுத்து மெதுவாக வரும். எண் வந்தால் தலை சுற்றும். வீட்டுக்காரர் கொடுக்கும் தாளை நான் படிப்பேன். கடையில் மீதிக் காசை அவள் எண்ணுவாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தனியாவே முழு ஆளுதான், நீ உன்னைச் சொல்லிக்கோ" என்றாள். அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவவில்லை.

அடுத்தது வேலை. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம். நான் மடிக்கிற பக்கம். விரிப்பு பெரியது, ஒரு ஆள் மடிக்க முடியாது. அந்த முனையில் நெட்டை அக்கா நிற்பாள், இந்த முனையில் நான். உதற வேண்டும், இழுக்க வேண்டும், நடந்துபோய் மூலையை அவள் கையில் கொடுக்க வேண்டும். துணி சூடாக இருக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது. சில சமயம் தம்பி படுத்திருந்த விரிப்பை யார் மடித்திருப்பார்கள் என்று நினைப்பேன். அப்போது என் மூலை கோணலாகப் போகும்.

கடைசியாக ஒரு பிரச்சினை. எங்கள் மேற்பார்வை மேடத்துக்கு விசில் மேடம் என்று பெயர். மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல்தான் கேட்கும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன வேலை சொன்னாலும் முதலில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் செய்ய வேண்டும். அப்போதுதான் மண்டையில் நிற்கும். மேடம் என்னிடம், "அந்த வண்டியைக் காலி பண்ணிட்டு நாலாவது மாடிக்கு விரிப்பு அனுப்பு" என்றார். "வண்டியைக் காலி பண்ணணும். நாலாவது மாடிக்கு விரிப்பு அனுப்பணும்" என்றேன். "என்ன, நக்கலா?" என்றார். "என்ன, நக்கலா" என்று அதையும் திருப்பிச் சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லவில்லை. கணக்கும் அவள் வேலை செய்கிற இடத்தில் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் குரலை மாற்றிக்கொள்வார்கள்.

நான் வர மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்து எழுதினேன்.

குழாய்க்கு வாஷர் வாங்கிப் போடு.

நான்

-

ஜூன் 20

சுண்டெலி,

வாஷர் வாங்கவில்லை. எந்த அளவு என்று கடைக்காரன் கேட்டான். எனக்கு எங்கே தெரியும்? திரும்பி வந்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று கம்பெனியில் சட்டையில் நூல் பிசிறு வெட்டும்போது சட்டையையே வெட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் வெட்டியதில்லை. "உனக்கு வயசாயிடுச்சு, லீவு போட்டுப் படு" என்றார்கள். படுத்தால் மட்டும் என்ன? கண்ணை மூடினால் அந்த விசில் உன்னைத் திட்டுகிறாள். சுற்றி நின்று எல்லோரும் சிரிக்கிறார்கள். நீ நடுவில் நின்று அதையும் திருப்பிச் சொல்கிறாய்.

இதற்காகவா உன்னைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன்? சின்ன வயதில் தலையணைக்குள் ரொட்டியை ஒளித்து வைத்துக் கொறிப்பாய், அதனால்தான் சுண்டெலி என்று பெயர் வைத்தேன். எலி என்று தெரிந்துதான் பூனை இருக்கிற வீட்டில் விடாமல் இருந்தேன். நீயாகப் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

மாடி வீட்டு அக்காவிடம் சொன்னேன். "அவளுக்கு விஷயம் தெரியாது, அதான் திட்டுறா. தெரிஞ்சா மனசு இளகும். மனுஷிதானே?" என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. நீ ஏன் சொல்லாமல் மறைக்கிறாய்? படிக்கக் கஷ்டம், பாடம் தனியாகச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? நீ சொல்ல மாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா, என்னிடமிருந்து வந்ததுதானே?

தம்பி இருந்திருந்தால் நேரே போய் நின்று, எங்கள் அக்காவை யார் கேலி பண்ணியது என்று கேட்டிருப்பான். அவன் இல்லை. நான்தான் இருக்கிறேன். அவசரத்துக்கு என்று நீ கொடுத்த அந்த இடத்து நம்பர் என்னிடம் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. கணக்கிடம் சண்டை போடாதே.

அம்மா

-

ஜூலை 1

அம்மா,

நீ போன் பண்ணினாய்.

நான் இதை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். முடியவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை விசில் மேடம் என்னைக் கூப்பிட்டார். குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தார். "சாப்... பிட்... டியாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "குட், குட்" என்றார். சாப்பிட்டதற்கு யாராவது குட் சொல்வார்களா? எனக்கு இருபத்திரண்டு வயது.

நக்கலா என்று கேட்டபோதுகூட அவர் என்னை ஒரு ஆளாக நினைத்துத்தான் கேட்டார்.

நெட்டை அக்கா விரிப்பின் மூலையை என் கையில் வைத்து, விரலை மடித்து விடுகிறாள். நான் அவளைவிட வேகமாக மடித்தவள். இப்போது மூலையைப் பிடிக்க எனக்குச் சொல்லித் தருகிறாள். ஒரு ஆள் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

புதன்கிழமை என்னைத் தலையணை உறைக்கு மாற்றிவிட்டார்கள். அது தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து செய்கிற வேலை. "உனக்கு ஈசியா இருக்கும்மா" என்றார் மேடம். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னைக் கேட்காமல் ஏன் சொன்னாய்? அது என்னுடையது. நான் சொல்ல வேண்டியது. எப்போது சொல்வது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

-

ஜூலை 9

சுண்டெலி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பெற்றவள் வாய்க்குப் பூட்டுப் போட உன்னால் முடியாது.

ஆமாம், போன் பண்ணினேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் சுவர் ஓரமாக நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். அந்த அம்மா நல்ல விதமாகத்தான் பேசினாள். "ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா, நான் வேற திட்டிட்டேனே. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். அதைக் கேட்டு எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன். நீ என்னவென்றால் திட்டினாலும் அழுகிறாய், திட்டாவிட்டாலும் அழுகிறாய். உன்னை எப்படித்தான் நடத்த வேண்டும், சொல்லேன்? இந்த உலகத்துக்கும் எனக்கும் யாராவது தனிப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித் தரட்டும்.

எனக்கு அலுத்துவிட்டது. உங்கப்பா போனபோது உனக்கு நாலு வயது, தம்பி இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. அன்றிலிருந்து எழுந்தால் வேலை, உட்கார்ந்தால் கவலை. எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கேள்வியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன். தம்பி வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி கொஞ்சம் ஓய்ந்தது. ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "அக்காவைப் பத்தி நீ ஏம்மா மறுகுற? அக்கா கடைசிவரைக்கும் என்கூடத்தான் இருப்பா. எனக்கு வர்றவகிட்டயும் அதைச் சொல்லித்தான் கட்டுவேன்." அன்றைக்கு நான் தூங்கினது மாதிரி என் ஆயுசில் தூங்கியதில்லை. உனக்கென்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தான். எனக்கு ஒரு மகன் போனான், சரி. உனக்குப் போனது என்னவென்று உனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் இப்படித் தனியாக ஒரு ஊரில் போய் உட்கார மாட்டாய்.

அவன் கொடுத்த வாக்கை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும். இருக்கிற வரைக்கும் காப்பாற்றுகிறேன். கம்பெனியில் சொல்லிவிட்டேன். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்குக் கிளம்பி வருகிறேன். உன் துணிமணியைக் கட்டி வை. அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடு, வாடகைக்கு வேறு ஆள் பார்க்கட்டும்.

அம்மா

-

ஜூலை 14

அம்மா,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும். அதனால் இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. முழு நாளும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி உன்னிடம் சொன்னது பொய்.

இதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவன் என்னிடம் வேறு மாதிரி சொன்னான். பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடலை தின்றுகொண்டிருந்தோம். "அக்கா, ஒன்னு சொல்றேன், அழாம கேளு. நான் உன்னைக் கூட வச்சுக்க மாட்டேன்" என்றான்.

"நீ என்னைக் கூட வச்சுக்க மாட்ட" என்று திருப்பிச் சொன்னேன்.

"ஆமா."

"அம்மாகிட்ட வச்சுக்கிறேன்னு சொன்னியே?"

"அம்மாகிட்ட வேற என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா அது தூங்கவே தூங்காது."

பெரிய பெரிய கட்டடம் இருக்கிற ஊருக்குப் போக வேண்டும், நூறு மாடி ஏறுகிற லிப்ட்டில் வேலை பார்க்க வேண்டும் என்றான். அப்போ நான் எங்கே இருப்பேன் என்று கேட்டேன். "நீ உன் ரூம்ல இருப்ப. நான் லீவுக்கு வருவேன். நீ எனக்கு டீ போட்டுத் தருவ" என்றான்.

"எனக்கு டீ போடத் தெரியாதே."

"அப்ப அதுலேருந்து ஆரம்பிப்போம்."

நான் கொஞ்சம் அழுதேன். அழாதே என்று அவன் சொன்னதை மறந்துவிட்டேன். பிறகு யோசித்தேன். எனக்கும் கடைசிவரைக்கும் அவனுடைய வீட்டில் இருக்க ஆசை இல்லை. அவனுக்கு வருகிறவள் என்னைப் பார்த்து குட், குட் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சினிமாவுக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போவோமே, அம்மா, நாங்கள் ஒரு படமும் பார்க்கவில்லை. அவனுடைய நண்பன் அறையில் அடுப்புப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்தான். பஸ் மாறிப் போகச் சொல்லிக் கொடுத்தான். காய்ச்சல் வந்தால் யாரிடம் என்ன சொல்ல வேண்டும், பூட்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், ஒரு ஆள் ரொம்ப அன்பாகப் பேசினால் எப்போது விலகி வர வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரியே ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒரு தடவை தெரியாத தெருவில் என்னை விட்டுவிட்டு, "வீட்டுக்கு வந்து சேரு" என்று போய்விட்டான். போகவில்லை, பின்னாலேயே வந்தான். அவன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? தெரியாதது போலவே நடந்து வந்தேன். அவனுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று.

வீட்டுக்கு வந்ததும் நீ படத்தின் கதை கேட்பாய். அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். ஒரு கதைக்கு நீ அழுதாய். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவன் கெட்டவன் இல்லை. எனக்கு அவன்மேல் கோபமும் இல்லை. அவன் சொல்லிக் கொடுத்து முடிக்கவில்லை. வங்கிக்குப் போவது மட்டும் பாக்கி இருக்கிறது. அதைக் கணக்கு சொல்லித் தருகிறாள்.

நீ வா. என்னைப் பார்க்க வா. கூட்டிப்போக வராதே. பையைக் கட்ட மாட்டேன்.

நான்

-

ஜூலை 28

அம்மா,

பத்தொன்பதாம் தேதி பஸ் நிலையத்தில் நின்றேன். உன் ஊர் வண்டி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். டிரைவரும் இறங்கினார். நீ இறங்கவில்லை. அடுத்த வண்டிக்கும் நின்றேன்.

உனக்கு உடம்பு சரியில்லையா? போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மாடி வீட்டு அக்காவுக்குப் பண்ணினேன். "இருக்காம்மா, வேலைக்குப் போறா வர்றா. யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா" என்றாள்.

நான் எழுதியிருக்கக் கூடாதா? கணக்கிடம் கேட்டேன். "செத்தவனை மாட்டி விட்டுட்டியேடி" என்றாள். அன்றைக்கு நான்தான் பாத்திரம் கழுவவில்லை.

இங்கே ஒரு விஷயம் நடந்தது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் விசில் மேடத்திடம் போனேன். என்ன பேச வேண்டும் என்று அறையில் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். "மேடம், எங்க அம்மா உங்ககிட்ட பேசினாங்க. அவங்க சொன்னது அவங்களுக்குத் தெரிஞ்சது. எனக்கு ஒரு நேரத்துக்கு ஒரு வேலை சொல்லுங்க. நான் அதைத் திருப்பிச் சொல்லுவேன். அது நக்கல் இல்ல. திருப்பிச் சொல்லலன்னா மறந்துடும். விரிப்பு எனக்கு நல்லா வரும்" என்றேன்.

அவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "இதை வந்த அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றார். விசில் குரலில்தான் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது காலையில் விரிப்பு, மத்தியானம் தலையணை உறை. முழு நாளும் விரிப்புக்கு விடவில்லை. நெட்டை அக்கா இன்னும் விரலை மடித்துவிடுகிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

நான்

-

ஆகஸ்ட் 6

சுண்டெலி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

தம்பியைப் பற்றி நீ எழுதிய கடிதம் அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டது. படித்தேன். மறுபடியும் படித்தேன். உன் எழுத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது, அச்சடித்தது மாதிரி இருக்கிறது. தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பத்தான் செய்தேன். மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டேன், வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தும் விட்டேன். கண்டக்டர் வந்து, "எங்கம்மா போகணும்?" என்றான். ஊர் பெயர் வாயில் வரவில்லை. கூட்டிப்போக வராதே, பார்க்க வா என்று எழுதியிருந்தாய். வெறுமனே பார்க்க எப்படி வருவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை எங்கேயாவது கொண்டுபோய் விடவும் கூட்டி வரவும்தான் எனக்குத் தெரியும். இறங்கிவிட்டேன். "முடிவு பண்ணிட்டு ஏறுங்கம்மா" என்று திட்டினான்.

வீட்டுக்கு வந்து அழுவேன் என்று பார்த்தேன். அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. கதவைக்கூடச் சாத்தாமல் அப்படி ஒரு தூக்கம். அடுத்த நாளும் வேலை விட்டு வந்து தூங்கினேன். மாடி வீட்டு அக்கா மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாளாம், மூச்சு வருகிறதா என்று. விழித்திருந்த நேரத்தில் அவன்மேல் கோபம் வந்தது. செத்தவனிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். யாரும் இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்துத் திட்டினேன். பொய்க்காரப் பயலே, சினிமாக் கதை சொல்லி என்னை அழவைத்தவனே என்று திட்டினேன். நூறு மாடிக்குப் போக ஆசைப்பட்டவன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா? நான் என்ன, அவன் காலைக் கட்டியா வைத்திருப்பேன்? பிறகு எனக்கே தெரிந்தது. கட்டித்தான் வைத்திருப்பேன்.

நீ மேடத்திடம் பேசியதைப் படித்தேன். நானாக இருந்தால் அந்த இடத்தில் பேசியிருக்க மாட்டேன், தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். நீ அங்கேயே இரு. மனசாரத்தான் சொல்கிறேன். மனசு இன்னும் முழுசாக வரவில்லை, வந்த மட்டும் சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். ஒரு நாள் இருப்பேன், சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுவேன். எதற்கு வந்தாய் என்று கேட்காதே.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம், நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். அவன் வாயில் மூச்சு விடுவதற்கான குழாய் மாட்டியிருந்தது, பேச முடியாது. கண் மட்டும் திறந்திருந்தது. நான் அவன் காதோரம் குனிந்து, "எந்திரிச்சிடுடா கண்ணு. உன்னை விட்டா அக்காவுக்கு யாருடா இருக்கா?" என்றேன். அவன் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினான். அம்மா, எழுந்துவிடுகிறேன், அக்காவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். இத்தனை மாதமும் அந்த ஒரு தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினேன். உன்னைத் திரும்பி வா, வா என்று பிய்த்து எடுத்ததும் அதை வைத்துத்தான்.

அவன் உனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். உன்னை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று உன்னிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறான். அப்படி இருக்கும்போது, நான் அதைக் கேட்டதும் அவன் எதற்குடி தலையாட்டினான்?